கோபால்ட் அறையும் ஒரு பட்டிமன்றமும்

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் கோபால்ட் இயந்திரத்தைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். அந்த இடத்துக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. மின்சாரத்தில் ஓடுவது. சுவிட்சை அணைத்தால் அணைந்துவிடும், கதிர் வீசும் பொருள் எதுவும் உள்ளே கிடையாது. இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் எனக்குப் போன் செய்து, "சார், திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுறோம். பழைய மெஷினோட இருபத்தொம்பது வருஷம் இருந்தவரு நீங்க. மனசுக்கு இதமா நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். இதமாக எழுதுவதற்கு நிர்வாகத்தில் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த இயந்திரத்தை நினைத்தால் ஒரு குடும்பத்தின் ஞாபகம்தான் வருகிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். மலரில் போடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லவில்லை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே ரேடியோதெரபி டெக்னீஷியன், அதாவது புற்றுநோய்க்காரர்களுக்குக் கதிர் வைக்கிறவன். பட்டப்படிப்பு முடித்துவிட்டுச் சும்மா திரிந்தபோது, சென்னையில் இப்படி ஒரு பயிற்சி இருக்கிறது, உதவித்தொகையும் உண்டு என்று யாரோ சொன்னார்கள். போனேன், இரண்டு வருஷம் படித்தேன், எழுபத்தாறில் திரும்பி வந்து தல்லாகுளத்தில் ஒரு மாடி வீட்டில் குடியேறினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

கோபால்ட் இயந்திரம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அணு உலைக்குள் வைத்து எடுத்த ஒரு சின்ன உலோகத் துண்டு, ஈயம் பொதிந்த ஒரு பெரிய தலைக்குள் உட்கார்ந்திருக்கும். இரவு பகல் எந்நேரமும் அது கதிரை வீசிக்கொண்டே இருக்கும். அதை அணைக்க வழியே கிடையாது. காற்றழுத்தத்தால் அதைத் தள்ளி, தலையின் அடியில் இருக்கும் துவாரத்துக்கு நேரே கொண்டுவந்தால் கீழே படுத்திருக்கும் நோயாளி மேல் கதிர் விழும். குறித்த நேரம் முடிந்ததும் அது தானாகப் பின்வாங்கி ஈயத்துக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். நாங்கள் கனத்த சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம். வெளியே வந்திருந்தால் சிவப்பு விளக்கு, உள்ளே போய்விட்டால் பச்சை. என் வாழ்நாளின் பாதி அந்த இரண்டு விளக்குகளைப் பார்ப்பதிலேயே போனது.

நோயாளிகள் யாரும் இதைக் கதிர் என்று சொன்னதில்லை. 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். என்னைக் கரண்டு சார் என்பார்கள். நாங்களும் திருத்தவில்லை. கரண்ட் என்றால் ஜனங்களுக்குப் பழகிய பொருள், பயமில்லாமல் வந்து படுப்பார்கள். அணு என்று சொன்னால் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

எனக்கு மேலதிகாரி வேதமூர்த்தி சார். அவர்தான் எங்கள் பிரிவின் இயற்பியலாளர். டாக்டர் எவ்வளவு கதிர் வேண்டுமென்று எழுதுவார், அதை எத்தனை நிமிஷம், எத்தனை விநாடி என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவர் இவர். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் மூன்று பென்சில், மூன்றும் சீவியிருக்கும். காலை ஏழரை மணிக்கு அறைக்குள் போய், நோயாளி படுக்கும் இடத்தில் அளவுக் கருவியை வைத்து, ஒரு நிமிஷம் கதிரை விட்டு அளந்து பார்ப்பார். நேற்று என்ன வந்தது, இன்று என்ன வந்திருக்கிறது என்று பதிவேட்டில் குறிப்பார். பிறகு அவசர பட்டன் வேலை செய்கிறதா, கதவைத் திறந்தால் கதிர் நிற்கிறதா, இரண்டையும் அவர் கண்ணால் பார்க்க வேண்டும். என் சட்டையில் பாட்ஜ் குத்தியிருக்கிறதா என்று பார்ப்பார். எவ்வளவு கதிர் என் மேல் பட்டது என்று தெரிவதற்காக மாதம் ஒருமுறை பம்பாயில் இருக்கும் அணுசக்தித் துறைக்கு அனுப்பும் பாட்ஜ் அது. ஒருநாள் மறந்து வந்தேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் தல்லாகுளத்துக்குச் சைக்கிள் மிதித்து எடுத்து வரும்வரை இருபது நோயாளிகள் காத்திருந்தார்கள். 

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எந்த விஷயத்தைக் கொண்டுபோனாலும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார்: "எழுதியாச்சா?" எழுதியாகிவிட்டது என்றால் அவர் மனசில் அந்த விஷயம் முடிந்துபோகும். பதிவேட்டில் ஒரு பொய் எழுத அவர் கை எழாது. ஆனால் பதிவேட்டில் எழுதியதை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றாது. இது எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது. நான் வாய்ச்சொல்லில் வளர்ந்தவன். கல்லூரிக் காலத்திலிருந்தே மேடை ஏறுவேன். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எங்கே பட்டிமன்றம் என்றாலும், ஒரு ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.

எண்பத்தாறில், அழகர் மலைக்குத் திரும்பிய வாரம்தான் ரஷ்யாவிலிருந்து செய்தி வந்தது. செர்னோபில் என்ற பெயரை ஆளுக்கு ஒரு விதமாக உச்சரித்தார்கள். அணு உலை வெடித்துவிட்டது, ஊரையே காலி செய்கிறார்கள், காற்றில் விஷம் போகிறது, மழையில் வருகிறது என்று டீக்கடையில் பேச்சு. வெளிநாட்டுப் பால் பவுடரில் அந்த விஷம் இருக்குமென்று எங்கள் தெருவில் ஒருவர் அதை வாங்குவதை நிறுத்திவிட்டார். விபத்து நடந்ததைவிட அதை மறைத்ததுதான் ஜனங்களை உலுக்கியது. பக்கத்து நாட்டுக்காரனின் கருவியில் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு, "நம்ம ஊருல நடந்தா நமக்கு எப்பச் சொல்லுவாய்ங்க?" என்று சலூனில் ஒருவர் கேட்டார்.

எங்கள் கோபால்ட் அறைக் கதவில் மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் போட்ட எச்சரிக்கைப் பலகை உண்டு. அதே படம் பத்திரிகைகளில் வந்துவிட்டது. நோயாளிகள் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று நிர்வாக அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, பலகைக்கு மேல் ஒரு பெரிய சாமிப்படக் காலண்டரை மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் ஏழரை மணிக்கு வேதமூர்த்தி சார் காலண்டரைக் கழற்றிச் சுருட்டி என் மேஜையில் வைத்தார். "பலகை தெரியணும்னு விதி இருக்கு" என்றார். பலகை தெரிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லக்கூடாது என்பது நிர்வாகத்தின் வாய்மொழி உத்தரவு. அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

அந்த ஆடி மாதத்தில்தான் பொன்னுத்தாயி வந்தார். திருவாதவூர். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். கருப்பை வாயில் புற்று. முழுசாக இருபத்தைந்து தடவை கதிர் வைத்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். இந்த வியாதியில் அப்படி எழுதும் சீட்டு அடிக்கடி வராது. வயிற்றில் ஊதா மையில் கோடு போட்டு, அழியாமல் குளிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கணவர் சோலைமலை, சம்சாரி, வயல் வேலைதான். தினமும் காலையில் முதல் பஸ்ஸில் இருவரும் வருவார்கள். அந்த அம்மா உள்ளே போய்த் திரும்பி வரும்வரை கையில் அவருடைய செருப்பை வைத்துக்கொண்டு நிற்பார். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஆறாவது மாதம் என்று என்னிடம் சொன்னதும் அவர்தான். "பேரப்பிள்ள வாறதுக்குள்ள இவ எந்திரிச்சுறணும் சார், அம்புட்டுத்தான்" என்பார்.

ஒன்பதாவது நாள், வியாழக்கிழமை. நேரம் முடிந்து முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. சிவப்பு விளக்கு சிவப்பாகவே நின்றது. நான் அவசர பட்டனை அழுத்தினேன். சிவப்பு போகவில்லை. "சார்" என்று ஒரு குரல்தான் கொடுத்தேன். பக்கத்து அறையிலிருந்து வேதமூர்த்தி சார் ஓடி வந்தார், வரும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்த்திருக்கிறோம். முதலில் நோயாளியை வெளியே எடுக்க வேண்டும், இயந்திரம் அதற்குப் பிறகுதான். கதவைத் திறந்தோம். நான் கதிர் விழும் இடத்துக்குள் கையை நீட்டாமல் கட்டிலைப் பிடித்து இழுத்து, அந்த அம்மாவை இறக்கி, தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே கொண்டுவந்தேன். சார் பக்கவாட்டில் நின்று நீளமான இரும்புக் கம்பியால் அந்தத் துண்டை உள்ளே தள்ளினார். பச்சை விளக்கு எரிந்தது. 

நடைபாதையில் சோலைமலை செருப்போடு எழுந்து நின்றார். மனைவியின் சேலை பாதி தோளிலும் பாதி என் கையிலுமாக இருந்தது.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. மெஷின் சூடாயிருச்சு."

இது யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. தானாக வாயில் வந்தது.

கூடுதலாக விழுந்தது ஐம்பது விநாடி. வேதமூர்த்தி சார் அன்று மத்தியானம் சாப்பிடாமல் கணக்குப் போட்டார். மொத்த அளவில் அது பெரிதில்லை, ஆனாலும் அடுத்த தடவைகளில் கழித்துவிடலாம் என்று, எந்த நாளில் எத்தனை விநாடி குறைக்க வேண்டும் என்று எழுதினார். பதிவேட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதினார். பம்பாய்க்கு விவரமாகக் கடிதம் போட்டார். காற்றுக் குழாயில் கசிவு என்று மெக்கானிக் வந்து கண்டுபிடித்தான். சனி, ஞாயிறு பழுது பார்த்து, திங்கட்கிழமை மறுபடி ஓட்டினோம். அதற்குமுன் நான் அவரிடம் கேட்டேன்.

"சார், அந்தம்மாகிட்டச் சொல்லிருவமா?"

"என்னன்னு சொல்லுவீங்க சந்தானம்?"

"இம்புட்டு நேரம் கூட ஆயிருச்சு, கழிச்சுருவோம்னு."

"பயந்து நின்னுட்டாங்கன்னா? பாதில நிறுத்துறதுதான் அவங்களுக்கு ஆபத்து. அம்பது செகண்ட் இல்ல." பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "எழுதியாச்சுல்ல?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அந்த நியாயத்தை என்னால் முழுசாக மறுக்க முடியவில்லை. ஆனால் அன்று எனக்கு அவர்மேல் ஒரு கடுப்பு வந்தது. ரஷ்யாக்காரனும் இதைத்தானே செய்தான் என்று நினைத்துக்கொண்டேன். பொய்யைச் சொன்ன வாய் என்னுடையது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில், திருவாதவூர்ப் பஸ் வரும் வழியில் இருக்கும் ஒத்தக்கடையில் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பட்டிமன்றம் ஏற்பாடு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி, பள்ளிக்கூட மைதானம். அணுமின்சாரம் நாட்டுக்கு நன்மையா, தீமையா என்பது தலைப்பு. அணுவோடு வேலை பார்க்கிறவன் என்று என்னை நன்மை அணியில் போட்டு, நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் 'கதிரியல் நிபுணர்' என்று சேர்த்துவிட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சோலைமலை சிரித்துக்கொண்டே வந்தார். "சார், ஒத்தக்கடையில செவத்துல ஒங்க பேரப் பாத்தேன். நானும் வாரேன் சார். நம்ம சார் பேசுறாருன்னு எங்கூருல நாலஞ்சு பேருகிட்டச் சொல்லிட்டேன்" என்றார். பொன்னுத்தாயிக்கு அன்றோடு பதினான்கு தடவை முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு, தீமை அணியில் பேச வேண்டிய வக்கீல் வரவில்லை என்று தெரிந்தது. நடுவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சந்தானம், அந்தப் பக்கம் போயிருங்க. உங்களுக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதானே" என்றார். எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்தில் இது சகஜம். சொந்த அபிப்பிராயம் என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை, கொடுத்த பக்கத்துக்கு வாதாட வேண்டும். பக்கம் மாறிப் பேசி ஜெயிப்பவனுக்குத் தனி மதிப்பு. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தயாரித்து வந்த குறிப்புகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க நாற்காலிக்குப் போனேன்.

நன்மை அணியில் ஒரு தலைமையாசிரியர் நன்றாகவே பேசினார். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாத வயல்களைப் பற்றிச் சொன்னார். நிலக்கரி எத்தனை காலத்துக்கு வரும் என்றார். ரஷ்யாவின் உலை வேறு மாதிரி, நம்முடையது வேறு மாதிரி, பஸ் கவிழ்ந்தால் பஸ்ஸையே நிறுத்திவிடுவோமா என்று கேட்டார். கூட்டம் கை தட்டியது. மூன்றாவது வரிசையில் சோலைமலை வெள்ளைச் சட்டை போட்டு, நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தபோது பக்கத்திலிருந்தவரை இடித்து என்னைக் காட்டினார்.

நான் கதிரின் தன்மையில் ஆரம்பித்தேன். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, சுடாது, வாசலில் நிற்காது என்றேன். கருவில் இருக்கும் பிள்ளையைக்கூட விட்டுவைக்காது என்றேன். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிற உண்மைதான், என்ன அளவில், எந்தத் தூரத்தில் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். மைதானம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி ஒரு பேச்சாளனை என்ன செய்யும் என்று மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். இன்னும் பெரிதாக ஒன்று வேண்டியிருந்தது எனக்கு. கையில் தயாரிப்பு இல்லை. இருந்தது அந்த வியாழக்கிழமை ஒன்றுதான்.

"ரஷ்யா எதற்கு ஐயா? இந்த மதுரையில் நடந்ததைச் சொல்கிறேன்" என்றேன். பெயரும் ஊரும் சொல்லாவிட்டால் ஆள் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். அணையாத சிவப்பு விளக்கைச் சொன்னேன். கட்டிலை இழுத்ததைச் சொன்னேன். சேலை நழுவ ஒரு தாயை வெளியே தள்ளிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "அந்தத் தாயிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? மெஷின் சூடாகிவிட்டது என்றார்கள். இவர்களையா நம்பி அணு உலையைக் கொடுப்பீர்கள்?" என்று நிறுத்தினேன். சொன்னேன் என்று சொல்லவில்லை, சொன்னார்கள் என்றேன். கூடுதலான ஐம்பது விநாடியைக் கழித்து நேர் செய்ததையும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் கை தட்டமாட்டார்கள். அன்று விழுந்த கைதட்டல் மாதிரி எனக்கு அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழுந்ததில்லை. சோலைமலை மட்டும் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் வழக்கம்போல இரண்டு பக்கத்தையும் பாராட்டிவிட்டு, அணுமின்சாரம் நன்மையே, ஆனால் விழிப்போடு இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். நான் இறங்கி வருவதற்குள் மூன்றாவது வரிசை காலியாக இருந்தது.

திங்கட்கிழமை பத்து இருபதுக்குப் பொன்னுத்தாயியின் முறை. வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை வேதமூர்த்தி சார் அந்த அம்மாவின் சிகிச்சை அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னார். ஒத்தக்கடைப் பேச்சு அவர் காதுக்கு வந்திருந்தது. திட்டினால் எதிர்த்துப் பேசலாம் என்று நானும் தயாராக இருந்தேன். அவர் பதிவேட்டைத் திறந்து, தான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நீங்க சொன்னது எதுவும் பொய்யில்ல. ஆனா இந்தப் பக்கத்துல பாதியத்தான் சொல்லியிருக்கீங்க" என்றார். பிறகு மெதுவாக, "நானாவது அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார். அவர் அப்படி ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"சார், நான் திருவாதவூர் போறேன். இந்தப் பதிவேட்டக் குடுங்க. காட்டினா நம்புவாங்க."

அவர் பதிவேட்டை மூடினார். பதிவேடு கட்டிடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. "அவங்களக் கூட்டிட்டு வாங்க. நானே படிச்சுக் காட்டுறேன்" என்றார். நான் வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு முன்னால் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சோலைமலை முகம் சுளிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, காப்பி கொண்டுவரச் சொன்னார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பொன்னுத்தாயி வீட்டுக்குள் வராமல், மாட்டுக்கொட்டத்துப் பக்கம் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். மகள் பக்கத்தில் வரக்கூடாது என்று அவரே ஏற்பாடு செய்துகொண்டது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கதிர் உடம்பில் தங்காது, வெளியே வந்ததும் முடிந்துவிடும், மகளையும் குழந்தையையும் அது ஒன்றும் செய்யாது என்றேன். கூடுதலான நேரத்தைக் கழித்துவிட்டோம் என்றேன். நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும் என்றேன். சோலைமலை பொறுமையாகக் கேட்டார்.

"சார், நான் ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு மேடையில நீங்க பேசுனது பொய்யா?"

"இல்லண்ணே. நடந்ததுதான்."

"அப்ப, நான் செருப்ப வச்சுக்கிட்டு நின்னப்ப, மெஷினு சூடாயிருச்சுன்னு சொன்னீங்களே?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அது பொய்யி. சரி. இப்ப சொல்றத எதுல சேக்கட்டும் சார்? கோவிச்சுக்கிறாதீங்க. நான் படிக்காதவன், எனக்குத் தெரியல."

அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது கூட்டி வந்திருப்பேன். "பதிவேட்டில் எழுதியிருக்கிறது, வந்து பாருங்கள்" என்றேன். "அது நீங்க எழுதுனதுதான சார்" என்றார்.

பொன்னுத்தாயி கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். இம்புட்டுத் தூரம் வந்திருக்காக. மகளுக்குப் பேறுகாலம் முடியட்டும் சார், நானே வாரேன். ஒருவேள நீங்க மேடையில சொன்னதுதான் நெசம்னா, அந்தப் பச்சமண்ணுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்றார்.

"அம்மா, மூணு மாசம் தாங்காது. இப்பவே மூணு நாளாச்சு."

"மூணு மாசந்தான சார்" என்றார், என்னைத் தேற்றுவது மாதிரி.

அந்த வாரமும் அடுத்த வாரமும் மறுபடி போனேன். காப்பி கொடுத்தார்கள். வரவில்லை. வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து தபால் கார்டு போட்டோம். மூன்றாவது வாரம் வேதமூர்த்தி சாரே என்னோடு பஸ்ஸில் வந்தார். பதிவேட்டைக் கொண்டுவரவில்லை, அந்த ஒன்றரைப் பக்கத்தைத் தன் கையால் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். சோலைமலை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படித்துக் காட்டவா என்று சார் கேட்டதற்கு, "மருமகன் வந்தாப் படிப்பாரு சார்" என்றார். திரும்பும் வழியில் சார் ஒத்தக்கடை தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் வந்தது. நேரம் கூடினாலும் குறைந்தாலும், இயந்திரம் நின்றாலும், அன்றே நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்று வேதமூர்த்தி சார் எழுதி ஒட்டினார். அது அணுவிலிருந்து வரும் கதிர் என்பதையும் முதல் நாளே சொல்லச் சொன்னார். சிலர் பயந்து போனது உண்மை. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்ததும் உண்மை. ஏழெட்டு மாதத்தில் நிர்வாகம் அதை நிறுத்திவிட்டது. நோயாளிகள் வேறு இடத்துக்குப் போகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். சார் அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார். நான் அதற்கப்புறம் மேடை ஏறவில்லை. கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பொன்னுத்தாயி கதிரை நிறுத்திப் போன ஐந்தாவது மாதம் வந்தார். மகளுக்குப் பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. இவரை வாடகைக் காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு கால் வீங்கியிருந்தது, இடுப்பில் வலி தாங்கமுடியவில்லை. டாக்டர் பரிசோதித்துவிட்டு இந்தத் தடவை வேறு மாதிரி சீட்டு எழுதினார். வலி குறைவதற்காக ஐந்து நாள் கதிர், அவ்வளவுதான். கணவரிடம், "பார்ப்போம்" என்றார். அந்தக் காலத்தில் அதற்கு மேல் சொல்லும் வழக்கம் இல்லை.

முதல் நாள் கட்டிலில் படுக்கவைத்து, முதுகில் புதிதாகக் கோடு போட்டேன். இன்றைக்கு எத்தனை நிமிஷம், எத்தனை விநாடி என்று சொன்னேன். விளக்கு பச்சையானதும் உள்ளே வருவேன், ஆகாவிட்டால் ஓடி வந்து வெளியே எடுப்பேன், எதுவாக இருந்தாலும் உடனே சொல்லிவிடுவேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சார், இதுல எனக்குச் சரியாயிருமா?"

பத்து வருஷத்தில் எத்தனையோ பேர் அதே கட்டிலில் படுத்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் 'ஆயிரும்மா, தைரியமா இருங்க' என்று ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன். அதையே சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"இல்லம்மா. ஆகாது. வலி மட்டும் குறையும்" என்றேன்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதும்மா."

"நான் சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு, "இன்னைக்குத்தான் சார் நீங்க சொல்றத நம்ப முடியுது" என்றார்.

நான் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, நேரத்தை வைத்தேன்.